நாலு ஸ்க்ரூ

அன்றைக்கு மதியம் பட்டறையில் இருந்தவர்கள்:

கீல்காரர். பட்டறை அவருடையது. கதவுக்கும் ஜன்னலுக்கும் கீல் செய்வது அவர் தொழில்.

அவருடைய மூத்த மகன். பெரியவன் என்பார்கள். நாற்பதைத் தொட்டவன்.

இளைய மகன், சின்னவன். இருந்தான் என்று சொல்வதைவிட, வலது கை மெஷினுக்குள் மாட்டியதால் போக முடியாமல் கிடந்தான் என்று சொல்வதுதான் சரி.

சின்னவனின் மனைவி.

பையன்களின் அம்மா. பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு. அவள் பெரும்பாலும் அந்தக் கதவில்தான் நின்றாள்.

பக்கத்துக் கடை வெல்டர். தெருவில் அவர் பெயர் பொறி.

பிறகு நான். மாடியில் வாடகைக்கு இருந்தவன். ராத்திரி ஷிப்ட் வேலையை விட்டு மூன்று மாதம் ஆகியும் என்னை ஆந்தை என்றுதான் கூப்பிட்டார்கள்.

பட்டறையின் மூலையில் ஒரு பாலிஷ் டிரம் உண்டு. ஒரு ஆள் குந்தி உட்காரக்கூடிய இரும்பு உருளை. வெட்டி, வளைத்து, துளை போட்ட கீல்களை மரத்தூளோடு அதற்குள் கொட்டி மூடிவிட்டால் நாலு மணி நேரம் சுற்றும். கீல்கள் ஒன்றோடொன்று இடித்து, உரசி, பிசிறு போய் வழவழப்பாக வெளியே வரும். அதன் சத்தம் கூரையில் கல்மழை பெய்வது போல இருக்கும். அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகியவனுக்கு அது நின்றால்தான் விழிப்பு வரும்.

டிரம்மைச் சுழற்றுவது ஒரு சங்கிலி. சைக்கிள் சங்கிலி மாதிரிதான், ஆனால் நாலு மடங்கு கனம். மோட்டாரிலிருந்து பெல்ட், பெல்ட்டிலிருந்து கியர் பெட்டி, கியர் பெட்டியிலிருந்து சங்கிலி. சங்கிலியையும் பல் சக்கரத்தையும் மறைத்து ஒரு மூடி. கனமான தகட்டில் கீல்காரரே மடித்துச் செய்தது. நாலு ஸ்க்ரூவில் நிற்கும். எண்ணெய் வடிவதற்காக அடிப்பக்கம் மட்டும் திறந்திருக்கும்.

சங்கிலி பழசு. தொய்ந்துபோய் அடிக்கடி பல்லை விட்டு ஏறும். முன்பெல்லாம் பையன்கள் மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஓடும்போதே சங்கிலியைக் கம்பியால் தள்ளி உட்கார வைப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படித் தள்ளும்போது பெரியவனின் சுண்டுவிரல் நகம் பெயர்ந்து வந்தது. கீல்காரர் அன்றைக்கே மூடியைத் திரும்ப மாட்டினார். நாலு ஸ்க்ரூவையும் இறுக்கினார். இறுக்கியதோடு விடவில்லை. டிரில்லை எடுத்து, ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலும் இருந்த நட்சத்திரக் குழியை வட்டமாகக் குடைந்துவிட்டார். எந்த ஸ்க்ரூ டிரைவரும் பிடிக்காது.

"இனிமே எவன் கழட்டுறான்னு பாக்கறேன்" என்றார். புதுச் சங்கிலி வாங்கும்போது தானே கழற்றிக்கொள்வதாகவும் சொன்னார்.

புதுச் சங்கிலி வாங்கவில்லை. பழசு ஏறுவதும் நிற்கவில்லை. பையன்கள் தரையில் மல்லாந்து படுத்து, மூடியின் அடிப்பக்கத் திறப்பு வழியே கையை விட்டுச் சங்கிலியைத் தள்ளப் பழகிக்கொண்டார்கள். எட்டி நின்று கம்பியால் செய்த வேலையை இப்போது விரலால் செய்தார்கள். கீல்காரர் அதைப் பார்க்கத்தான் செய்தார். மோட்டாரை நிறுத்திவிட்டுத்தானே செய்கிறார்கள் என்று விட்டுவிட்டார்.

அன்றைக்குக் காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. மழை இறங்கவில்லை. நான் மாடியில் தரையில் படுத்திருந்தேன். சாப்பாட்டு நேரம் முடிந்து கொஞ்ச நேரத்தில் டிரம் நின்றது. கண் விழித்தேன். கீழே பேசுவது பலகைத் தரை வழியே தெளிவாகக் கேட்டது.

"நீ மாட்டுன சங்கிலிதானே? ஒரு வேலையாவது உருப்படியா செஞ்சிருக்கியா இதுவரைக்கும்?" பெரியவன்.

"சங்கிலி பழசு. அப்பாகிட்டப் போய்க் கேளு." சின்னவனின் குரல் தரையோடு ஒட்டி வந்தது. படுத்திருக்கிறான் என்று தெரிந்தது.

"காலையில போட்ட லோடு மொத்தமும் கீறல். ஒரு கீலைக்கூட வெளிய காட்ட முடியாது. பொண்டாட்டி டீயோட வந்து நின்னா மட்டும் தொரைக்கு வாய் நீண்டுருது."

"எனக்காவது டீ கொண்டுவர ஆள் இருக்கு. உனக்கு இருந்தவ உங்கிட்ட அடிவாங்கியே பஸ் ஏறிட்டா."

டிரம் ஓடியது. ஒரு அரைச் சுற்று இருக்கும். நின்றது. பிறகு அந்த அலறல்.

நான் படியில் இறங்கி ஓடினேன். பெரியவன் மோட்டார் பக்கம் குனிந்து, பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னோக்கி இழுத்துக்கொண்டிருந்தான். "வந்துரும், வந்துரும், இதோ வந்துரும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான். வரவில்லை. தொய்ந்திருந்த சங்கிலி பின்னால் திரும்பியபோது பல்லின் மேல் ஏறி, சின்னவன் போட்டிருந்த துணிக் கையுறையையும் சுருட்டிக்கொண்டு ஆப்பு மாதிரி இறுகியது. முதல் அலறலைவிட இரண்டாவது மோசமாக இருந்தது.

"இழுக்காதடா! பின்னாடி இழுக்காத! கடிக்குது, கடிக்குது!"

டீ டம்ளர்கள் தரையில் உருண்டு கிடந்தன. சின்னவன் பொண்டாட்டி பக்கத்துத் தொட்டியிலிருந்து இரண்டு கை நிறையக் கீல்களை அள்ளிப் பெரியவன் முகத்தில் அடித்தாள். ஒரு கீல் புருவத்தைக் கிழித்தது. நாலு வருஷமாக அத்தான், அத்தான் என்று அவனிடம் தலை நிமிராமல் பேசியவள்.

"டேய்! பாத்துட்டுத்தானேடா போட்ட! அவர் கை உள்ள இருக்கறதைப் பாத்துட்டுத்தானே சுவிட்சைப் போட்ட!"

"கை வெளிய இருக்குன்னு நினைச்சேன்."

"என் மூஞ்சியப் பாத்துட்டுப் போட்டடா நீ!"

கீல்காரர் முன்பக்கம் லாரியில் கட்டு ஏற்றிக்கொண்டிருந்தவர், தலைத்துண்டோடு ஓடிவந்தார். முதலில் பட்டறையின் மெயின் சுவிட்சை இறக்கினார். பிறகு கத்தியால் பெல்ட்டை அறுத்தார். இனி என்ன ஆனாலும் டிரம் சுற்றாது. அறுத்த பெல்ட்டைக் கையில் சுருட்டி, திரும்பிப் பெரியவனை அடிக்க ஆரம்பித்தார். முதுகில், கழுத்தில், காதில். பெரியவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. ஏழெட்டு அடிக்குப் பிறகு பெல்ட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டான்.

"போதும்பா. அப்புறம் அடிங்க."

"பாத்துருக்க மாட்டான்" என்று கதவிலிருந்து அம்மா சொன்னாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. "அவன் வேணும்னு பண்ணியிருக்க மாட்டான். தெரியாமப் போட்டுருப்பான். தெரியாம."

நான் ஆம்புலன்சுக்கு ஃபோன் செய்தேன். முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். கை மாட்டியிருக்கிறது என்றேன். அதற்குள் கையை வெளியே எடுத்து வையுங்கள், வந்துவிடுகிறோம் என்றார்கள்.

சத்தம் கேட்டு வந்த பொறி, குனிந்து அடிப்பக்கத் திறப்பில் டார்ச் அடித்துப் பார்த்தார். மணிக்கட்டு வரை உள்ளே. கையுறையின் வெள்ளை கருப்பாகியிருந்தது. ரத்தம் எண்ணெயோடு சேர்ந்து சொட்டியது. கீல்காரர் தலைத்துண்டை அவிழ்த்து முழங்கைக்குக் கீழே முறுக்கிக் கட்டினார்.

"சங்கிலியோட பூட்டுக் கண்ணி மேல் பக்கம் இருக்கு" என்றார். "அதைக் கழட்டுனா சங்கிலி தளர்ந்துரும். கை வந்துரும். மூடியக் கழட்டணும்."

சொல்லி முடித்தபோதுதான் அவருக்கே உறைத்தது. மூடியைப் பார்த்தார். நாலு ஸ்க்ரூ. நாலிலும் நட்சத்திரம் இல்லை. வழுவழுவென்று வட்டக் குழி.

யாரும் அவரைப் பார்க்கவில்லை. அது பார்ப்பதைவிட மோசமாக இருந்தது.

கடப்பாரையை மூடியின் விளிம்பில் கொடுத்து நெம்பினார். தகடு விலகுவதற்குப் பதிலாக உள்ளே மடங்கியது. சின்னவன் கால்களை உதறினான். அவன் மனைவி கடப்பாரையைப் பிடுங்கித் தூர எறிந்தாள்.

"நட்டு ஒண்ணை வச்சு வெல்டு அடிச்சிரலாமா?" பொறி கேட்டார். "ஸ்க்ரூ தலையோட ஒட்டிக்கும். ஸ்பேனர் போட்டா ரெண்டு நிமிஷத்துல வந்துரும். தினம் பண்றதுதான்."

"அண்ணே, அவன் கை இரும்போட இரும்பா இருக்கு" என்றான் பெரியவன். "எர்த்து எங்க குடுப்பீங்க? மரத்தூளு, எண்ணெய், துணி எல்லாம் உள்ள இருக்கு. ஒரு பொறி விழுந்தாப் போதும்."

"பொறி அண்ணே" என்றான் சின்னவன், கண்ணை மூடிக்கொண்டு. "உசுரோட இருக்கறப்பவே கொள்ளி வைக்கப் பாக்கறீங்களே."

பொறி சிரிக்க வாயைத் திறந்து மூடிக்கொண்டார்.

கீல்காரர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். எழுபது வயசுக் கை, அதுவும் இப்போதுதான் ஒருவனை அடித்து முடித்த கை. முனை குழியில் நிற்காமல் வழுக்கித் தகட்டில் கோடு போட்டது. பெரியவன் நெருங்கினான். சின்னவன் பொண்டாட்டி குறுக்கே நின்றாள். அவள் கையில் தகடு தட்டும் மரச் சுத்தியல் இருந்தது.

"நீ தொடாத. தொட்டா மண்டையப் பொளந்துருவேன்."

"அவனே எடுக்கட்டும்" என்றான் சின்னவன் தரையிலிருந்து.

"என்ன சொல்றீங்க?"

"இந்த வீட்ல தேஞ்ச ஸ்க்ரூ எடுக்கத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான். எடுக்கட்டும். அப்புறமா பொளந்துக்க."

அவள் சுத்தியலை இறக்கவில்லை. ஒரு எட்டு நகர்ந்து, பெரியவனின் பின்மண்டைக்கு நேராக நின்றுகொண்டாள். வேலை முடியும்வரை அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

பெரியவன் முட்டி போட்டான். புருவத்திலிருந்து வழிந்த ரத்தத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். ஸ்க்ரூ தலைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தான். மேலே இரண்டு, தகட்டிலிருந்து பொத்தான் மாதிரிப் புடைத்திருந்தன. பக்கவாட்டில் ஒன்று, அதுவும் புடைப்புதான், ஆனால் துரு. நாலாவது கீழே, மெஷினின் காலுக்குப் பின்னால், விரல் மட்டும் போகும் சந்தில்.

முதலில் சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டினான். ரப்பரைக் குழியின் மேல் வைத்து, அதற்கு மேல் ஸ்க்ரூ டிரைவரை வைத்து, நெஞ்சால் அழுத்தித் திருப்பினான். இலேசாகத் தேய்ந்த ஸ்க்ரூ என்றால் ரப்பர் இடத்தை நிரப்பிப் பிடித்துக்கொள்ளும். இது தேயவில்லை, குடையப்பட்டது. ரப்பர் கிழிந்து பிதுங்கி வந்தது. அதைத் துப்புவது போல் ஊதித் தள்ளிவிட்டு, "ஆக்ஸா பிளேடு" என்று கையை நீட்டினான்.

பிரேமோடு வைக்க இடமில்லை. பிளேடை மட்டும் கழற்றி, ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்து, முதல் ஸ்க்ரூவின் தலைக்குக் குறுக்கே அறுக்க ஆரம்பித்தான். ஒரு பள்ளம் விழுந்தால் போதும், தட்டை ஸ்க்ரூ டிரைவர் உட்காரும். அறுக்கும் அதிர்வு தகடு வழியாகச் சங்கிலிக்கும், சங்கிலி வழியாகக் கைக்கும் போனது. சின்னவன் பல்லைக் கடித்தான்.

"மெதுவா அறுடா, நாயே."

"மெதுவா அறுத்தா ஆட்டம் ஜாஸ்தி. வேகமா அறுக்கறேன். கத்திக்கோ."

அறுத்தான். சின்னவன் கத்தினான். பள்ளம் விழுந்தது. பெரிய ஸ்க்ரூ டிரைவரை வைத்து, அதன் தண்டில் ஸ்பேனரை மாட்டி, ஒரு கையால் அழுத்தி மறு கையால் இழுத்தான். ஒரு கிரீச். ஸ்க்ரூ அசைந்தது. இரண்டு சுற்றுக்குப் பிறகு விரலாலேயே கழன்றது.

இரண்டாவதையும் அப்படியே அறுத்தான். திருப்பும்போது பள்ளத்தின் ஓரம் உடைந்து தெறித்தது. தலையில் பாதிதான் மிச்சம். பெரியவன் உட்கார்ந்துவிட்டான்.

"உளியால தட்டு" என்றார் கீல்காரர். "ஓரத்துல வச்சு, கழட்டற பக்கமாத் தட்டு."

"தட்டுனா அவனுக்கு நேரா கையில இறங்கும்பா."

"பின்ன என்ன, பூப் போட்டுக் கும்பிடுவியா? தட்டுடா!"

"நாலு ஸ்க்ரூவையும் குடைஞ்சு வச்சுட்டு என்னைத் தட்டச் சொல்றீங்க."

கீல்காரரின் முகம் கருத்தது. "என்னடா சொன்ன?"

"குடைஞ்சது நீங்கன்னு சொன்னேன். இல்லைன்னா அரை நிமிஷ வேலை இது. அதையும் எல்லாருக்கும் சேத்துச் சொல்லுங்க."

"உன் நகம் போச்சுன்னுதான்டா குடைஞ்சேன்! உனக்காகத்தான்டா!" கீல்காரர் கால் எட்டிய தூரத்தில் எட்டி உதைத்தார். உதை விலாவில் விழுந்தது. பெரியவன் சரிந்து, எழுந்தபோது கையில் உளி இருந்தது. அதை அவர் தொண்டைக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றான். உளியின் நுனி ஆடவில்லை. அம்மா கதவிலிருந்து ஓடிவந்து இரண்டு பேருக்கும் நடுவில் கையை நுழைத்தாள். உளி அவள் உள்ளங்கையைக் கீறியது. அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"டேய்!" சின்னவன் தரையைக் காலால் அடித்தான். "முதல்ல என்னை எடுங்கடா! எடுத்துட்டு அப்புறம் ரெண்டு பேரும் வெட்டிக்கிட்டுச் சாவுங்க! விரலு மரத்துப்போச்சுடா எனக்கு, ஒண்ணும் தெரியல!"

அந்தக் கடைசி வார்த்தைகள்தான் எல்லோரையும் நிறுத்தின. வலிக்கிறது என்று அவன் கத்திக்கொண்டிருந்தவரைக்கும் பயம் குறைவாக இருந்தது. பொறி டார்ச் அடித்தார். திறப்புக்கு வெளியே தெரிந்த மணிக்கட்டு நாவல்பழ நிறத்துக்கு வந்திருந்தது.

பெரியவன் மறுபடி முட்டி போட்டான். மிச்சமிருந்த பாதித் தலையின் விளிம்பில் உளியைச் சாய்த்து வைத்து அடித்தான். சின்னவன் கத்தவில்லை. கத்தாதது எங்களுக்குப் பிடிக்கவில்லை. ஆறாவது அடியில் தலை இம்மி நகர்ந்தது. பத்தாவதில் கால் சுற்று. பிறகு பிளையர் போட்டுச் சுழற்றி எடுத்தான்.

மூன்றாவது துருப் பிடித்தது. அதில் ரெண்டு சொட்டு டீசல் விட்டான். ஊற நேரமில்லை. கடித்துப் பூட்டிக்கொள்ளும் பிளையரைத் தலையின் விளிம்பில் வைத்து, பின்னாலிருக்கும் திருகை இறுக்கி, மறுபடி கடிக்க வைத்து, மறுபடி இறுக்கி, பிளையரின் பல் இரும்பில் பதியும்வரை இறுக்கினான். உடனே கழற்றவில்லை. முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, பிறகு கழற்றும் பக்கம், மறுபடி இறுக்கும் பக்கம். துரு உடையும் சத்தம் உப்புக்கல் நொறுங்குவது போலக் கேட்டது.

"இவ்வளவு பதமா உன் பொண்டாட்டிகிட்ட நடந்திருந்தா அவ இருந்திருப்பா" என்றாள் சின்னவன் பொண்டாட்டி, அவன் பின்மண்டையைப் பார்த்து.

பெரியவன் கை ஒரு கணம் நின்றது. பிறகு திருப்பியது. மூன்றாவது வந்தது.

நாலாவதுக்கு எந்தக் கருவியும் போகவில்லை. பிளேடு வளையவில்லை. பிளையரின் வாய் திறக்கச் சந்தில் இடமில்லை. உளி சாயவில்லை. பெரியவன் தரையில் கன்னத்தை வைத்து, தம்பியின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் படுத்துப் பார்த்தான். இரண்டு பேர் மூச்சும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.

"டிரில்லுதான்" என்றான். "நீளமான பிட்டு போகும். தலையைத் துளைச்சு அறுத்துரலாம். தண்டு உள்ளயே கிடக்கட்டும். தலை போனா மூடி வந்துரும்."

கீல்காரர் மெயின் சுவிட்சை நோக்கி நடந்தார்.

"மாமா, அதைத் தொடாதீங்க." சின்னவன் பொண்டாட்டியின் குரல் உடைந்தது.

"பெல்ட்டை அறுத்துட்டேன்மா. டிரம் சுத்தாது."

"தெரியும். இருந்தாலும் இந்தப் பட்டறையில இனி ஒருத்தரும் சுவிட்சு போடக் கூடாது. நான் விடமாட்டேன்."

அவளிடம் வாதாட யாருக்கும் தெம்பில்லை. நான் மாடிக்கு ஓடி, என் அறையின் பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரை ஜன்னல் வழியே இறக்கினேன். இரண்டு முழம் பற்றவில்லை. மேஜையை இழுத்து, ஜன்னலோரத்து மின்விசிறியைப் பிடுங்கி, அந்தப் பிளக்கில் மாட்டினேன். கீழே வந்தபோது பெரியவன் டிரில்லில் பிட்டை மாட்டி இறுக்கிக்கொண்டிருந்தான்.

"அந்த வட்டக் குழி இருக்கு பாருங்க" என்று என்னிடம்தான் சொன்னான், வேறு யாரும் அவனிடம் பேசத் தயாராக இல்லை. "பிட்டு நடுவுல நிக்கும். வழுக்காது. அதுக்காகவாவது உதவுது."

கீல்காரர் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

"தம்பி, இரும்புத் தூள் சூடா விழும். கையில விழும்."

"விழட்டும்" என்றான் சின்னவன். "விழுந்தா எனக்குத் தெரியுதான்னு பாக்கலாம்."

டிரில் ஓடியது. வெள்ளிச் சுருள்கள் அவன் முன்கையில் விழுந்து ஒட்டின. தோல் சிவந்தது. மணிக்கட்டுக்கு மேலே விழுந்தபோது முகம் சுளித்தான். அதற்குக் கீழே விழுந்தவை அவனுக்குத் தெரியவில்லை. எங்கள் எல்லோர் கண்ணும் அங்கேதான் இருந்தது. பெரியவன் மட்டும் பிட்டின் நுனியைப் பார்த்தான். வேகம் கூட்டவில்லை. நடுவில் இரண்டு முறை நிறுத்தி, எண்ணெய் தொட்டு, மறுபடி வைத்தான். அவன் புருவத்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கையை எடுக்காமல், அந்தக் கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் கண்ணால் வேலை செய்தான். திடீரென்று சத்தம் மாறியது. ஸ்க்ரூவின் தலை பிட்டின் நுனியில் மோதிரம் மாதிரி மாட்டிக்கொண்டு சுழன்றது.

மூடியை இழுத்து எறிந்தான். உள்ளே தெரிந்ததைப் பார்த்ததும் பொறி வெளியே போய் வாந்தி எடுத்தார். வாழ்நாள் முழுக்க நெருப்பில் நின்றவர்.

பூட்டுக் கண்ணியின் கவ்வியை மூக்குப் பிளையரால் நெம்பித் தள்ளினான். சங்கிலி தளர்ந்து தொங்கியது. கையுறையைப் பிளேடால் கிழித்து, பல்லுக்கு நடுவிலிருந்து ஒவ்வொரு விரலாகக் கழற்றி எடுத்தான். கை வெளியே வந்தது. கட்டைவிரல் முழுசாக இருந்தது. சுண்டுவிரலும் பக்கத்து விரலும் வீங்கி நீலமாக இருந்தாலும் விரல்களாக இருந்தன. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் வடிவம் இல்லை.

"அசை" என்றார் கீல்காரர். "கட்டைவிரலை அசை."

சின்னவன் முயன்றான். நெற்றி நரம்பு புடைத்தது. கட்டைவிரல் அசைந்தது.

கீல்காரர் தரையில் உட்கார்ந்து, வாயில் வேட்டி நுனியை அடைத்துக்கொண்டு அழுதார். அந்தச் சத்தம் அழுகை மாதிரியே இல்லை. ஏதோ அறுப்பது போல இருந்தது.

ஆம்புலன்ஸ் வரவில்லை. பொறி தன் சரக்கு வண்டியைப் பின்னுக்கு எடுத்து வாசலில் நிறுத்தினார். கையைச் சுத்தமான துணியில் சுற்றி, சின்னவனைத் தூக்கி ஏற்றினோம். அவன் பொண்டாட்டி ஏறி, அவன் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். மரச் சுத்தியல் இன்னமும் அவள் கக்கத்தில் இருந்தது. கீல்காரர் ஏறினார். பெரியவன் பின்பலகையைப் பிடித்துக் காலை வைத்தான்.

அவள் அவன் நெஞ்சில் உதைத்தாள். மல்லாந்து தரையில் விழுந்தான். எழுந்து மறுபடி பலகையைப் பிடித்தான். சுத்தியலால் அவன் விரல் மேல் அடித்தாள். ஒரே அடி. அடிப்பதற்கு முன் அவன் கை எங்கே இருக்கிறது என்று நன்றாகப் பார்த்துத்தான் அடித்தாள். வண்டி கிளம்பியது.

நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பெரியவன் அடிபட்ட கையை அக்குளில் வைத்துக்கொண்டு பட்டறைக்குள் வந்தான். தரையில் எண்ணெய், ரத்தம், டீ எல்லாம் ஒன்றாகப் பரவி மரத்தூளை ஊற வைத்திருந்தன. அவன் எதையும் பார்க்காமல் நேராக வீட்டுக் கதவை நோக்கிப் போனான். அம்மா படியில் நின்றாள். உள்ளங்கையில் சேலை முந்தானையைச் சுற்றியிருந்தாள்.

"நில்லு."

"கை கழுவணும்மா."

"கழுவலாம். அவ சொன்னது நெசமா?"

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "ஆந்தை நிக்கிறாரு."

"நிக்கட்டும். அவரு மேல இருந்து எல்லாத்தையும் கேட்டவருதான். நீ சொல்லு. கை உள்ள இருக்குன்னு உனக்குத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் நம்பிக்கறேன். ஊரே வந்து சொன்னாலும் உன்னைத்தான் நம்புவேன்."

மழை இறங்கியிருந்தது. கூரையில் சத்தம்.

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"கை உள்ள இருந்துச்சு. பாத்தேன். போட்டேன்." பிறகு சொன்னான்: "உடனே நிறுத்திட்டேன்மா. ஒரு செகண்டு கூட இல்ல."

அம்மா தலையை ஆட்டினாள், கணக்கு ஒன்று சரியாக இருக்கிறது என்பது போல. உள்ளே போனாள். ஒரு வாளித் தண்ணீரும் செம்பும் சோப்பும் கொண்டுவந்தாள். படியிலேயே நின்றுகொண்டு அவன் கையில் ஊற்றினாள். அவன் சோப்புப் போட்டான். அவள் ஊற்றினாள். நகக்கண்ணில் இருந்த ரத்தம் போகவில்லை. அவன் கையைப் பிடித்து நகக்கண்களைத் தன் கட்டைவிரலால் தேய்த்துவிட்டாள். நசுங்கிய விரலைத் தேய்க்கும்போது அவன் பல்லைக் கடித்தான். முகத்திலும் ஊற்றி, புருவத்தைத் துடைத்தாள். வாளி காலியாகும்வரை ஊற்றினாள்.

"உன் வீட்டுக்காரி எந்தக் கையைக் கட்டுப் போட்டுக்கிட்டு பஸ் ஏறினா, ஞாபகம் இருக்கா?"

"அம்மா..."

"அன்னைக்கும் நான்தான் அவகிட்ட சொன்னேன், அவன் வேணும்னு பண்ணலன்னு."

அவன் கைகளை உதறினான். துடைக்கத் துணி தேடினான். அவள் தன் தோளில் கிடந்த துண்டைக் கொடுத்தாள். அவன் அதை வாங்கி, வெளிச்சத்துக்காகப் பட்டறைப் பக்கம் திரும்பி நின்று, விரல் விரலாகத் துடைத்துக்கொண்டான். துடைத்துக்கொண்டே, "அப்பாவுக்குச் சாயங்காலம் மாத்திரை இருக்கு, ஆஸ்பத்திரிக்குக் குடுத்தனுப்பணும்" என்றான்.

அவன் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. மேல் தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு கீழ்த் தாழ்ப்பாள். பிறகு சாவி, இரண்டு சுற்று.